தண்ணீர் நிற்காத வாஷிங் மெஷின்: வால்வை மாற்றுவதா, டியூபைப் பார்ப்பதா, போர்டுக்குப் போவதா?

வாஷிங் மெஷின் நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஈரமாகும்போது யாருக்கும் ஆராய்ச்சி செய்யத் தோன்றாது. ஓடிப்போய்க் குழாயைத் திருகி அடைக்கத்தான் தோன்றும். தவறில்லை. ஆனால் குழாயை அடைத்த கையோடு முக்கியமான தடயமும் அடைபட்டுவிடுகிறது. மறுநாள் மெக்கானிக் வந்து என்ன ஆனது என்று கேட்டால், "தண்ணீர் நிற்கவே இல்லை" என்பதற்கு மேல் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. அவரும் பாவம், தனக்குப் பழக்கமான பாகத்தின் பெயரைச் சொல்வார். பல நேரங்களில் அது போர்டாக, அதாவது மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையாக, மெஷினிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்றாக இருந்துவிடுகிறது.

நான் தொழில்முறை மெக்கானிக் அல்ல. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாத ரகம், அவ்வளவுதான். சொந்த வீட்டு மெஷினோடும் உறவினர் வீட்டு மெஷின்களோடும் மல்லுக்கட்டியதில் ஒன்று புரிந்தது. தண்ணீர் மிஞ்சும் மெஷின்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, தண்ணீரை நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாதது. மற்றொன்று, நிறுத்த வேண்டும் என்றே தெரியாதது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே வழியும். உள்ளே இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எதைச் சுத்தம் செய்தால் போதும், எதை மாற்ற வேண்டும், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் இதைப் பிரித்துப் பார்த்த பிறகுதான்.

சுவிட்சை அணைத்துப் பாருங்கள்

பிரித்துப் பார்ப்பது எளிது. மெஷினை ஓடவிடுங்கள். தண்ணீர் உள்ளே விழத் தொடங்கியதும், குழாயைத் தொடாமல், சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். மெஷினின் 'பாஸ்' பொத்தான் போதாது. மின்சாரமே மெஷினுக்குள் போகக் கூடாது. தரை ஏற்கெனவே ஈரமாக இருந்தால் முதலில் துடைத்து, கையையும் உலர்த்திக்கொள்ளுங்கள். பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

மின்சாரம் போன பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் குற்றவாளி வால்வு. வேறு யாரும் இல்லை. மெஷினுக்குள் தண்ணீர் விடும் சோலினாய்டு வால்வு, மின்சாரம் வந்தால் திறக்கும், போனால் மூடிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. மின்சாரமே இல்லாதபோது அதைத் திறந்து வைக்க போர்டாலும் முடியாது, சென்சாராலும் முடியாது. இது நிறுத்த முடியாத ரகம்.

சுவிட்சை அணைத்ததும் தண்ணீர் நின்றுவிட்டால், வால்வு சொன்னதைக் கேட்கிறது; சொல்பவரிடம்தான் தவறு. இங்கே இன்னொரு கிளை பிரிகிறது. மீண்டும் சுவிட்சைப் போட்டு, புரோகிராமைத் தொடங்காமல் காத்திருங்கள். எதையும் அழுத்துவதற்கு முன்பே தண்ணீர் விழுந்தால் சந்தேகம் போர்டின் மேல் போகும். ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் பலவற்றில் கதவு பூட்டிக்கொண்ட பிறகே வால்வுக்கான மின்சாரம் கிடைக்கும். ஆகவே அங்கே கதவு பூட்டிய 'டக்' சத்தத்தோடு தண்ணீர் தொடங்குகிறதா, பிழிந்து சுற்றும் கட்டத்தில்கூட விழுகிறதா என்று பாருங்கள். பிழியும்போது தண்ணீர் விடு என்று எந்தப் புரோகிராமும் தொடர்ந்து சொல்லாது. மாறாக, விழவேண்டிய நேரத்தில் ஒழுங்காக விழத் தொடங்கி, நிற்கவேண்டிய நேரத்தில் மட்டும் நிற்காவிட்டால், அளவு பார்க்கும் பகுதியில் கோளாறு. இது நிறுத்தத் தெரியாத ரகம்.

கால் மணி நேரம் பிடிக்காத இந்த வேலையைச் செய்யாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். மெஷின் காட்டும் பிழைக் குறியீடுகளை நம்பலாமே என்று சிலர் கேட்பார்கள். நம்பலாம், ஓரளவுக்கு. எல்ஜி மெஷின்களில் 'எஃப்இ' என்று வந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது, 'பிஇ' என்று வந்தால் அளவு பார்க்கும் சென்சாரில் சிக்கல். இரண்டாவது கொஞ்சம் வழிகாட்டும். முதலாவது சொல்வதை நம் கால் ஏற்கெனவே நனைந்து சொல்லிவிட்டது.

வால்வு: கழுவுவதா, மாற்றுவதா

வால்வைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. மின்காந்தம்தான் தண்ணீரின் வழியைத் திறந்து மூடுகிறது என்று நினைக்கிறோம். அந்தச் சின்னக் காந்தத்துக்கு அவ்வளவு பலம் ஏது? அது திறப்பது ஊசி நுழையும் அளவுக்கு இருக்கும் நடு ஓட்டையை மட்டும். பெரிய வழியை மூடியிருப்பது ரப்பர் சவ்வு. சவ்வின் ஓரத்தில் இன்னொரு நுண்துளை இருக்கும். அதன் வழியே தண்ணீர் கசிந்து சவ்வின் மேல்பக்கம் சேர்ந்து, அந்த அழுத்தத்தாலேயே சவ்வு கீழே அமர்ந்து வழியை மூடுகிறது. காந்தம் நடு ஓட்டையைத் திறந்தால் மேலே இருந்த அழுத்தம் வடிந்துவிடும், சவ்வு எழும்பும், தண்ணீர் பாயும். ஆக வால்வை மூடுவது தண்ணீரின் அழுத்தம்தான்.

இது புரிந்துவிட்டால் மூன்று விதமான கோளாறுகளும் தாமாகவே விளங்கும். ஓரத்து நுண்துளையில் தூசி அடைத்தால் சவ்வுக்கு மேல் அழுத்தம் சேராது; வால்வு மூடாது. சவ்வு அமரும் விளிம்பில் மணல் துகளோ உப்புப் படிவோ சிக்கினால் முழுதாக மூடாமல் சொட்டும். மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை: வரும் தண்ணீரிலேயே அழுத்தம் போதாவிட்டால் புத்தம் புதிய வால்வும் சரியாக மூடாது. பல மெஷின்களின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் 0.03 அல்லது 0.05 மெகாபாஸ்கல் என்று போட்டிருக்கும். அதாவது 3 முதல் 5 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியிலும் மெஷின் அதற்கு நேர் கீழ்த் தளத்திலும் இருக்கும் வீடுகளில் அந்த உயரம் கிடைக்காமல் போகலாம். அங்கே வால்வை மூன்று முறை மாற்றினாலும் மூன்று முறையும் ஒழுகும். குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் வால்வைத் தேட வேண்டும், அல்லது குழாயின் அழுத்தத்தைக் கூட்ட வழிபார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அழுத்தம் போதும் என்றால், தேர்வு இரண்டுதான். கழுவிப் பார்ப்பது, மாற்றிவிடுவது.

கழுவுவதற்கு முதலில் பார்க்கவேண்டியது ஹோஸ் இணையும் வாயில் இருக்கும் சின்ன வலை வடிகட்டி. மூக்கு நீண்ட குறடால் மெல்ல இழுத்தால் வெளியே வந்துவிடும். அதில் மணல் இருந்தால் நல்ல செய்தி: வலை தன் வேலையைச் செய்திருக்கிறது. வலை கிழிந்திருந்தாலோ, முன்பு யாரோ "தண்ணீர் மெதுவாக வருகிறது" என்று அதைப் பிடுங்கி எறிந்திருந்தாலோ, அந்த மணல் எல்லாம் இப்போது சவ்வில்தான் இருக்கிறது. சில வால்வுகளின் மேல்மூடியை ஸ்க்ரூ கழற்றித் திறக்கலாம். பல வால்வுகள் ஒட்டி மூடப்பட்டவை, திறந்தால் உடையும்.

திறந்து கழுவி ஒரு வருடம் ஓட்டியவர்களும் உண்டு. ஆனாலும் என் கட்சி மாற்றுவதுதான். சவ்வு பழைய ரப்பர். அதில் மணல் பதிந்த தடம் இருந்தால், மணலை எடுத்த பிறகும் தடம் இருக்கும். அதன் வழியே சொட்டும். வால்வு, மெஷினின் பாகங்களில் விலை குறைந்தவற்றில் சேர்ந்தது. மாற்றுவது இரண்டு ஸ்க்ரூ, இரண்டோ மூன்றோ ஹோஸ், அதே எண்ணிக்கையில் மின் இணைப்புகள் என்ற அளவிலான வேலை. கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொண்டால் எந்த வயர் எங்கே என்ற குழப்பம் வராது. அண்மையில் குழாய் வேலை நடந்து, அதற்குப் பிறகே ஒழுகத் தொடங்கியிருந்தால் மட்டும் கழுவிப் பார்க்கலாம். அது புதிதாக வந்து சிக்கிய துகள். எடுத்தால் போய்விட வாய்ப்புண்டு.

வால்வை, மின்தடை அளக்கும் மல்டிமீட்டரில் வைத்துச் சோதித்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 230 வோல்ட் வால்வின் சுருள் சில ஆயிரம் ஓம் காட்டும், உண்மைதான். ஆனால் அது சொல்வது சுருள் அறுந்திருக்கிறதா என்பதை மட்டும். சுருள் அறுந்த வால்வு திறக்கவே திறக்காது. மிஞ்சுவதற்கு அங்கே தண்ணீரே வராது. மூடாத வால்வின் நோய் ரப்பரில் இருக்கிறது, மீட்டருக்கு ரப்பர் தெரியாது.

ஃப்ரண்ட் லோடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. இவற்றின் வால்வு பொதுவாக இரட்டை அல்லது மூன்று கிளை உள்ளது. சோப்புப் பெட்டியை வெளியே இழுத்துவிட்டு, மெஷின் அணைந்திருக்கும்போது உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்கூரையில் வரிசையாகத் துளைகள் தெரியும். எந்தப் பகுதியின் மேல் சொட்டுகிறதோ அந்தக் கிளைதான் மூடவில்லை. வாங்குவது முழு வால்வாகத்தான் இருக்கும், ஆனால் மெஷினைப் பிரிப்பதற்கு முன்பே சந்தேகம் தீர்ந்துவிடும்.

அளவு பார்க்கும் பகுதி: சென்சாரைத் தொடும் முன் டியூபைத் தொடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மிக அதிகமாகத் தவறு நடப்பதும் இங்கேதான்.

தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மெஷின் எப்படித் தெரிந்துகொள்கிறது? மிதவை எதுவும் இல்லை. தொட்டியின் அடியில், கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு காற்றறை. அதிலிருந்து பென்சில் பருமனுள்ள டியூப் மேலே ஏறி பிரஷர் சுவிட்சில், அதாவது நாம் சென்சார் என்று சொல்லும் பாகத்தில், முடிகிறது. தண்ணீர் ஏறும்போது காற்றறையிலுள்ள காற்று வெளியேற வழியில்லாமல் நெருக்கப்படும். அந்த நெருக்கம் டியூப் வழியே மேலே போய் சுவிட்சிலுள்ள சவ்வை அழுத்தும். பழைய மெஷின்களில் 'டிக்' என்று தொடர்பு மாறும். புதியவற்றில் சவ்வோடு சேர்ந்து சின்ன ஃபெரைட் துண்டு சுருளுக்குள் நகர்ந்து, மின்னலைவின் எண்ணிக்கையை மாற்றும். போர்டு அதைப் படித்து அளவைக் கணக்கிடும்.

எவ்வளவு நெருக்கம்? 10 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சுமார் 1 கிலோபாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். அதில் நூற்றில் ஒரு பங்கு மாற்றத்தை வைத்துக்கொண்டுதான் இந்த மெஷின் தண்ணீரை அளக்கிறது. இப்படிப்பட்ட அமைப்பில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் வீட்டில் அதுதான் நடந்தது. டாப் லோடு மெஷின். தண்ணீர் சரியான அளவில் நிற்கும். துணி சுற்றத் தொடங்கும். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் தண்ணீர் விழும் சத்தம். இன்னும் பத்து நிமிடம் கழித்து மீண்டும். மூன்றாவது சுற்றில் விளிம்பைத் தாண்டியது. வந்த மெக்கானிக் மூடியைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. "போர்டு போய்விட்டது சார், மாற்றினால்தான் சரியாகும்" என்றார். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். எனக்கு உறுத்தியது அந்தப் பத்து நிமிடம். போர்டு கெட்டிருந்தால் முதலில் எப்படிச் சரியாக நின்றது? நின்ற பிறகு மெஷினுக்கு ஏன் மறந்துபோகிறது? எங்கோ காற்று மெதுவாகக் கசிகிறது. அளவு குறைந்துவிட்டதாக நினைத்து மெஷின் மீண்டும் நிரப்புகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டியூபைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் ஊதியபடியே வாளித் தண்ணீரில் அமிழ்த்தினேன். நடுப்பகுதியிலிருந்து ஒரே வரிசையாகக் குமிழிகள். தொட்டி ஆடும்போதெல்லாம் தகட்டின் விளிம்பில் உரசி உரசி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கீறல் விழுந்திருந்தது.

அன்றிலிருந்து என் வரிசை மாறவே இல்லை: முதலில் டியூப், அடுத்து காற்றறை, கடைசியில்தான் சென்சார். டியூபில் பார்க்கவேண்டியவை ஓட்டை, மடிப்பு, இரண்டு முனைகளின் பிடிமானம், நடுவில் தொய்வு. தொய்வு முக்கியம். டியூப் கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தொட்டில்போலத் தொங்கினால் அங்கே ஈரம் சேர்ந்து நீர்த்துளி அடைப்பாகி, அளவைத் தவறாகக் காட்டும்.

காற்றறையில் இருப்பது வேறு பிரச்சினை. சோப்பு, பஞ்சு, உடல் எண்ணெய் எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறக் கூழாகி அதன் வாயை அடைத்துக்கொள்ளும். அடைத்துவிட்டால் தொட்டியில் எவ்வளவு ஏறினாலும் மேலே சேதி போகாது. கழற்ற முடிந்தால் கழற்றி வெந்நீரில் கழுவுங்கள். முடியாவிட்டால், டியூபை சென்சாரிலிருந்து எடுத்துவிட்டு மேல்முனை வழியே கீழ்நோக்கி ஊதலாம், கொஞ்சம் வெந்நீரும் விடலாம். பிறகு டியூபுக்குள் நீர் தங்காமல் வடித்துவிட வேண்டும். டியூபை சென்சாரில் மாட்டிவைத்தபடி பலமாக ஊதவே கூடாது. நூற்றில் ஒரு பங்கு அழுத்தத்துக்குப் பழகிய சவ்வு நம் நுரையீரலைத் தாங்காது.

டியூபும் காற்றறையும் சரியாக இருக்கும்போதுதான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். அதை ஊதிப் பார்ப்பதைவிட நல்ல வழி இருக்கிறது. மீட்டர் நீளமுள்ள சுத்தமான டியூபை சென்சாரில் மாட்டி, மறுமுனையை வெளியே விட்டு, மெஷினின் மூடியைத் திரும்பப் பொருத்துங்கள். மெஷினை ஓடவிட்டு, தண்ணீர் விழும்போது டியூபின் வெளிமுனையை ஆழமான வாளியில் நேராக அமிழ்த்துங்கள். 25 சென்டிமீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய இரண்டரை கிலோபாஸ்கல் அழுத்தம் கிடைக்கும். தொட்டியில் தண்ணீர் நிறைந்ததாக மெஷின் நம்பி, வால்வை மூடிவிட வேண்டும். டாப் லோடில் அதிக அளவைத் தேர்வு செய்திருந்தால் இன்னும் ஆழம் தேவைப்படும். சோதனைக்குக் குறைந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நின்றால் சென்சாரும் போர்டும் நலம். பழையபடி டியூபுக்கே திரும்புங்கள். நிற்காவிட்டால் சென்சாரை மாற்றுங்கள். அதில் ஒரே டியூப், ஒரே மின் இணைப்பு. மாற்றுவது வால்வைவிடவும் சுலபம். ஆனால் மாடல் எண் ஒத்துப்போக வேண்டும். வேறு மாடலின் சென்சார் பொருந்தி உட்கார்ந்தாலும் அளவைப் பொய்யாகச் சொல்லும்.

வடிகாலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தண்ணீரை வெளியேற்றும் பம்ப் பாதி அடைத்து, தொட்டி முழுதாகக் காலியாகாமல் இருந்தால், காற்றறையில் புதுக் காற்று நிறைய வழியில்லாமல் போகும். இருக்கும் காற்று சுற்றுக்குச் சுற்று குறைந்து, மெஷின் உள்ளதைவிடக் குறைவாக அளக்கத் தொடங்கும். பம்ப் வடிகட்டியைச் சுத்தம் செய்ததும் தண்ணீர் மிஞ்சுவதும் நின்றுவிட்டால் வியப்படைய வேண்டாம்.

மிஞ்சாமலே மிஞ்சுவது

தண்ணீர் மணிக்கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் தொட்டியில் அளவு ஏறவே ஏறாது. இதையும் பலர் அதே கோளாறு என்று நினைத்து வால்வை மாற்றுகிறார்கள். கழிவுநீர் ஹோஸைப் பாருங்கள். அது தரையில் கிடந்தாலோ, வடிகால் குழாய்க்குள் இறுக்கமாகச் செருகப்பட்டு இடையில் காற்றுப் போக வழியில்லாமல் இருந்தாலோ, தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு வெளியே ஓடும். ஒரு பக்கம் நிரம்ப, மறுபக்கம் வடியும். பம்ப் மூலம் வெளியேற்றும் மெஷின்களுக்கு அந்த ஹோஸின் முனை தரையிலிருந்து பொதுவாக 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தூக்கிக் கட்டினால் செலவில்லாமல் முடிந்தது.

இன்னொரு ஏமாற்று வேலை: இரவு காலியாக விட்ட தொட்டியில் காலையில் தண்ணீர். வால்வு சொட்டியிருக்கலாம், அல்லது சமையலறைத் தொட்டியின் கழிவுநீர் பொது வடிகால் வழியே திரும்பி ஏறியிருக்கலாம். ஒரு இரவு குழாயை அடைத்து வைத்துப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் இருந்தால் அது வடிகாலிலிருந்து வந்தது. மோந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இவையெல்லாம் போக, கோளாறே இல்லாத நேரமும் உண்டு. கம்பளி, மென்துணிப் புரோகிராம்களிலும் அலசும் கட்டத்திலும் ஃப்ரண்ட் லோடு கூடுதலாகத் தண்ணீர் எடுக்கும். தடித்த துண்டுகளைப் போட்டால் அவை குடிக்கக் குடிக்க மீண்டும் மீண்டும் நிரப்பும். சோப்புப் பெட்டி வழியே பொங்குவது நுரை என்றால், குற்றம் பவுடரின் அளவில்.

போர்டு: கடைசிச் சந்தேகம், காரணத்தோடு

வால்வுக்கு மின்சாரம் கொடுப்பது போர்டிலுள்ள டிரையாக் என்ற சின்ன மின்கதவு, சில மெஷின்களில் ரிலே. டிரையாக் கெடும்போது பெரும்பாலும் மூடாமல் திறந்தபடியே கெட்டுவிடும். அப்படியானால் போர்டு 'நிறுத்து' என்று சொன்னாலும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். இதன் அடையாளத்தை முன்பே சொன்னேன்: சுவிட்சை அணைத்தால் நிற்கும்; போட்டால், கட்டளைக்குக் காத்திராமல் ஓடும்.

இங்கே தேர்வு, டிரையாக்கை மட்டும் மாற்றிப் பழுதுபார்ப்பதா, முழு போர்டையும் வாங்குவதா என்பது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவருக்கு டிரையாக் மாற்றுவது அரை மணி நேர வேலை, பாகமோ மலிவு. தடை வேறு இடத்தில். ஈரம் படாமல் இருக்க, பல மெஷின்களின் போர்டைப் பிசின் போன்ற பொருளில் முழுக்க முழுக்க அமிழ்த்தி உறையவைத்திருப்பார்கள், முக்கியமாக டாப் லோடில். அதைச் சுரண்டி உள்ளே போவதற்குள் பக்கத்துப் பாகங்கள் இரண்டு பெயர்ந்துவிடும். அப்படிப்பட்ட போர்டுக்கு மாற்றுவதே வழி. பூச்சு மெல்லியதாக இருந்தால், போர்டு பழுதுபார்ப்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுப்பது நல்லது. வீட்டில் சால்டரிங் கோல் இருக்கிறது என்பதற்காக நீங்களே இறங்க வேண்டாம். இந்த போர்டுகள் பலவற்றில் முழுச் சுற்றுமே மின்இணைப்போடு நேரடித் தொடர்பில் இருக்கும். 'கிரவுண்ட்' என்று நினைத்துத் தொடும் இடத்திலும் ஆளை அடிக்கும்.

போர்டை மாற்றியவர்களில் சிலருக்கு ஆறே மாதத்தில் மறுபடியும் அதே கோளாறு வருகிறது. டிரையாக் ஏன் கெட்டது என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம். வால்வின் சுருள் உள்ளே பாதி எரிந்து அதிக மின்சாரத்தை இழுத்திருக்கலாம், அல்லது வால்வின் இணைப்பில் தண்ணீர் கசிந்திருக்கலாம். மல்டிமீட்டர் உண்மையில் உதவும் இடம் இதுதான். இரட்டை வால்வின் ஒரு சுருள் நாலாயிரம் ஓம் காட்டி, மற்றது அதில் கால்வாசி காட்டினால், அந்த வால்வையும் சேர்த்து மாற்றாமல் புது போர்டை மாட்டாதீர்கள்.

நீங்களா, மெக்கானிக்கா

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் மெஷினைத் திறக்க வேண்டாம். சுவிட்ச் சோதனை, ஹோஸ் உயரம், வலை வடிகட்டி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு கம்பெனியைக் கூப்பிடுங்கள். உத்தரவாதம் முடிந்திருந்தால் டியூப், காற்றறை, வால்வு, சென்சார் நான்கும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாருக்கும் எட்டும் வேலைகள். பிளக்கைப் பிடுங்கி, குழாயை அடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஃப்ரண்ட் லோடில் காற்றறையைக் கழற்ற மெஷினைச் சாய்க்க வேண்டியிருந்தால் நான் ஆளைக் கூப்பிட்டுவிடுவேன். உள்ளேயிருக்கும் கான்கிரீட் எடைக்கற்களோடு அது சாய்ந்தால் கால் விரல் தப்பாது. போர்டுக்கும் ஆள்தான்.

ஆளைக் கூப்பிடும்போது "தண்ணீர் நிற்கவில்லை" என்று சொல்லாமல், "சுவிட்சை அணைத்தாலும் ஓடுகிறது" என்றோ, "முதலில் சரியாக நின்று, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் நிரம்புகிறது" என்றோ சொல்லிப் பாருங்கள். எந்தப் பாகத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது அவருக்குப் போனிலேயே தெரிந்துவிடும்.

பாகம் கிடைக்கும்வரை குழாயைக் கையால் திறந்து அடைத்துச் சமாளிக்கலாமா? சொட்டும் வால்வுக்குச் சமாளிக்கலாம். துவைத்து முடித்ததும் குழாயை அடைத்துவிட்டால் போதும். சென்சார், டியூப் கோளாறுக்கு அது உதவாது. நீங்கள் குழாயை அடைத்தாலும், தண்ணீர் இன்னும் வரவில்லை என்று நினைத்து மெஷின் அங்கேயே நின்று பிழைக் குறியீடு காட்டும். போர்டு கோளாறுக்கு முயலவே வேண்டாம். வால்வு திறந்தே இருந்தால் நிமிடத்துக்கு 7 முதல் 10 லிட்டர் வரை வரக்கூடும். அடுத்த அறையில் ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் தொட்டி நிறைந்திருக்கும்.

தண்ணீர் மிஞ்சுகிறது என்பதற்காக மட்டும் புது மெஷின் வாங்கியவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பேரிங் சத்தம், துருப்பிடித்த உடல், கிடைக்காத போர்டு எல்லாம் சேர்ந்து வந்தால் சரி. வெறும் டியூபுக்காகவா?

எதை மாற்றினாலும், மாற்றிய பிறகு இன்னொரு சோதனை செய்யுங்கள். துணி போடாமல் நிரம்பவிடுங்கள். தண்ணீர் நின்றதும் சுவிட்சை அணைத்து, நீர்மட்டத்துக்கு நேராகக் கதவுக் கண்ணாடியிலோ தொட்டிச் சுவரிலோ ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நீர் டேப்புக்கு மேலே ஏறியிருந்தால் வால்வு இன்னும் சொட்டுகிறது. கீழே இறங்கியிருந்தால் கழிவுநீர்ப் பக்கம் கசிகிறது. மட்டம் அப்படியே இருந்தால் சுவிட்சைப் போட்டு, மீதிப் புரோகிராமை ஓடவிட்டு, நடுவில் மறுபடியும் தண்ணீர் விழும் சத்தம் வருகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து கேளுங்கள். என் மெஷினில் கீறல் விழுந்த இடத்துக்கு மேலே டியூப் கொஞ்சம் நீளமாகவே இருந்தது. கீறலோடு கீழ்ப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் காற்றறையில் செருகி, உரசிய தகட்டின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபின் துண்டை மாட்டி வைத்தேன். டேப்பை மட்டும் எடுக்கவில்லை. ஓரம் சுருண்டு இன்னமும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.